அமிலத்தில் ஒரு டீ நேரம்

போன வாரம், நான் ஓய்வு பெற்றுப் போன லேபுக்கு, உங்கள் புது மைக்ராஸ்கோப்பைப் பார்க்கக் கூப்பிட்டீர்கள். காட்டூரிலிருந்து இரண்டு பஸ் மாறி வந்தேன். கண்ணை எங்கே வைப்பது என்று தேடினேன். "கண்ணெல்லாம் வைக்க வேண்டாம் மேடம், எல்லாம் ஸ்கிரீன்லயே வந்துடும்" என்றீர்கள். முப்பது வருஷம் குழாயில் கண்ணை வைத்து வைத்தே பவர் ஏறிப்போனவளிடம் சொல்லக்கூடிய பேச்சா இது? இருந்தாலும் படம் அழகாகத்தான் இருந்தது. ஒத்துக்கொள்கிறேன், கொஞ்சம் வயிற்றெரிச்சலோடு.

கிளம்பும்போது உங்களில் மூக்குத்தி போட்ட அந்தப் பெண், "உங்க அனுபவத்தை எங்களுக்கு எழுதித் தாங்க மேடம்" என்றாள். கேட்டது நீங்கள். படிக்க வேண்டியது இனி உங்கள் தலையெழுத்து. சாயம் போடும் முறையை எழுதப்போவதில்லை, அது சுவரிலேயே ஒட்டியிருக்கிறது. நான் எழுதப்போவது அந்தத் தாளில் இல்லாத ஒன்றை, அதாவது என் டீயைப் பற்றி.

முதலில் வேலையைச் சொல்லிவிடுகிறேன், உங்கள் வீட்டிலும் யாராவது இதைப் படிப்பார்கள். டிஎன்ஏவின் எழுத்துகள் மாறாமலே சில எழுத்துகளின் தலையில் மெத்தில் என்ற சின்ன வேதிக் குறி ஏறி உட்காரும். மளிகை லிஸ்டில் இந்த மாதம் வேண்டாத சாமான் பக்கத்தில் பென்சிலால் ஒரு புள்ளி வைப்போமே, அது மாதிரி. லிஸ்ட் அப்படியே இருக்கும், சாமான் மட்டும் வராது. நோய் வந்த செல்லில் இந்தப் புள்ளிகள் கூடியிருக்கின்றனவா, குறைந்திருக்கின்றனவா என்று பார்ப்பதுதான் நம் பிழைப்பு. குறியைத் தேடிப்போய் ஒட்டிக்கொள்ள ஒரு ஆன்டிபாடி, அது எங்கே ஒட்டியது என்று காட்டப் பச்சையாக ஒளிரும் சாயம். பச்சை கூடினால் குறி கூடியிருக்கிறது என்று அர்த்தம்.

இதில் ஒரு சிக்கல் உண்டு. டிஎன்ஏ இரட்டை இழையாகக் கதவைச் சாத்திக்கொண்டு உட்கார்ந்திருக்கும். ஆன்டிபாடி உள்ளே போக வேண்டுமானால், செல்களைத் தடவிய கண்ணாடி ஸ்லைடை அமிலத்தில் வைத்துக் கதவைத் திறக்க வேண்டும். எங்கள் கணக்கு இருபது நிமிஷம். நேரம் கூடினால் கதவு இன்னும் திறக்கும், பச்சையும் கூடும். இந்த ஒரு வரியை மனசில் வைத்துக்கொள்ளுங்கள். தெரிந்திருந்தும் நான் கோட்டை விட்டது இந்த வரியைத்தான்.

நான் வேலைக்குச் சேர்ந்த புதிதில் எங்கள் புரொபசரிடம் ஒரு குட்டு வாங்கினேன். ஸ்லைடை இப்படியும் அப்படியும் நகர்த்தி, உருண்டையாகவும் பளிச்சென்றும் இருக்கிற செல்லாகத் தேடித் தேடிப் படம் எடுத்துக்கொண்டிருந்தேன். பின்னால் வந்து நின்றவர், "ஏம்மா, அளக்க வந்தியா, பொண்ணு பாக்க வந்தியா?" என்றார். மறுநாளே லேபில் ஒரு சட்டம் வந்தது. மைக்ராஸ்கோப்புக்குப் போகும் முன் ஸ்லைடின் பெயரைக் காகிதம் ஒட்டி மறைத்துவிட வேண்டும். எது நோயாளியின் ரத்தம், எது நல்ல உடம்புக்காரரின் ரத்தம் என்று பார்க்கிறவருக்குத் தெரியக் கூடாது. அதிலிருந்து எங்களை யாரும் குறை சொல்ல முடியாது என்று எங்களுக்குக் கொஞ்சம் தலைக்கனம்.

ஜெசிந்தா எங்கள் லேபில் பிஎச்டி செய்த பெண். எனக்கு ஜெசி, அவளுக்கு நான் அக்கா. தில்லை நகரில் கிளினிக் வைத்திருந்த ஒரு டாக்டர், ஒரு ரத்த நோய் வந்தவர்களின் ரத்த மாதிரிகளை அனுப்புவார். நல்ல உடம்புக்காரர்களின் மாதிரிகளும் வரும். சாயம் போடுவது நான், படம் எடுத்துப் பச்சையை அளப்பது அவள். மூன்று வருஷம் இப்படியே ஓடியது. நோயாளிகளின் செல்களில் பச்சை தெளிவாகக் கூடியிருந்தது. பெயரை மறைத்துத்தானே பார்த்தோம், யார் என்ன சொல்ல முடியும்?

டாக்டருக்குச் சந்தோஷத்தில் தலைகால் புரியவில்லை. நோய் வெளியே தெரிவதற்கு முன்பே இதை வைத்துச் சொல்லிவிடலாம் என்று, நோய் இருக்கலாம் என்று அவர் சந்தேகப்பட்ட சிலரை வரச்சொல்ல ஏற்பாடு செய்துகொண்டிருந்தார். ஜெசிக்கு வெளிநாட்டில் ஒரு லேபில் இடமும் கிடைத்துவிட்டது. மார்ச்சுக்குள் தீசிஸ் கொடுத்திருக்க வேண்டும் என்பது ஒன்றே நிபந்தனை. அதற்கு முன்னால் கமிட்டி எதிரில் மொத்த வேலையையும் விளக்கும் சினாப்சிஸ் கூட்டம் ஜனவரியில் ஒரு திங்கட்கிழமை என்று முடிவாயிற்று. சாயம் போட வேண்டியதெல்லாம் கார்த்திகையிலேயே முடிந்திருந்தது.

இப்போது என் பெருமையைக் கேளுங்கள். நான் கடிகாரம் மாதிரி வேலை செய்கிறவள். பத்து நாற்பதுக்கு இரண்டு ஜாடிகளும் அமிலத்தில் இறங்கும். ஒன்றில் நல்ல உடம்புக்காரர்கள், இன்னொன்றில் நோயாளிகள். பதினொன்றுக்கு டைமர் அடிக்கும். முதலில் நல்ல உடம்புக்காரர்களின் ஜாடியை எடுப்பேன். எதையும் நல்லதிலிருந்து ஆரம்பிப்பது எங்கள் வீட்டு வழக்கம். தபால் வந்தால் கல்யாணப் பத்திரிகையைப் பிரித்துப் படித்த பிறகுதான் மற்றதைத் தொடுவார் என் அப்பா.

அந்த ஜாடியை எடுத்துக் கழுவும் தண்ணீரில் வைக்கவும், சேகர் வராந்தாவிலிருந்து "மேடம், டீ" என்று குரல் கொடுக்கவும் சரியாக இருக்கும். சேகர் எங்கள் கட்டடத்துக்கு டீ கொண்டுவருகிறவர், என் வயசுக்காரர். லேபுக்குள் எதையும் குடிக்கக் கூடாது என்பது விதி. நான்தான் விதியை மதிக்கிறவளாயிற்றே. கையுறையைக் கழற்றி, கையைக் கழுவி, கோட்டை ஆணியில் மாட்டிவிட்டு வெளியே போவேன். டீ ஆறும்வரை சேகருடைய முழங்கால் வலியின் அன்றைய நிலவரத்தைக் கேட்பேன். குடித்துவிட்டு வந்து, கோட்டைப் போட்டு, கையுறையை மாட்டிக்கொண்டு, இரண்டாவது ஜாடியை எடுப்பேன்.

சிலருக்கு இப்போதே புரிந்திருக்கும். புரிந்தவர்கள் பக்கத்தில் இருப்பவரிடம் சொல்லாமல் இருங்கள். எனக்கு மூன்று வருஷம் புரியவில்லை.

நோட்டில் என்ன எழுதினேன் என்று கேட்பீர்கள். இரண்டு ஜாடிக்கும் "அமிலம், இருபது நிமிஷம்" என்று காலையிலேயே எழுதிவிடுவேன். நடந்ததை எழுதவில்லை, நடக்க வேண்டியதை எழுதினேன். கையெழுத்து மட்டும் முத்து முத்தாக இருக்கும்.

சாட்சி இல்லாமலும் இல்லை. உட்கருவைக் காட்ட நீலச் சாயம் ஒன்று போடுவோம். அமிலம் அதிகம் பட்டால் அந்த நீலம் மங்கும். நோயாளிகளின் ஸ்லைடுகளில் நீலம் கொஞ்சம் மங்கலாகத்தான் இருந்தது. "நோயாளி செல் இல்லையா, கொஞ்சம் சோர்வாத்தான் இருக்கும்" என்று நானே ஜெசிக்குச் சமாதானம் சொன்னேன். செல்லுக்குச் சோர்வாம்.

அதைவிடக் கூத்து, சினாப்சிஸுக்கு ஒரு வருஷம் முன்பு, மார்கழியில் நடந்தது. அந்த மாதம் சாயம் போட்ட நாலு தொகுதிகளில் நோயாளிக்கும் மற்றவருக்கும் வித்தியாசமே வரவில்லை. ஜெசி கவலையோடு வந்தாள். "குளிரும்மா, ஆன்டிபாடி சரியா பிடிக்கலை" என்றேன். திருச்சியில், மார்கழியில், ஸ்வெட்டர் போட்டால் வேர்த்துக் கொட்டும் ஊரில், குளிர். அவளும் தலையாட்டினாள். நாலு தொகுதிகளையும் 'கெட்டுப்போனவை' என்று எழுதி ஃப்ரிட்ஜில் ஒதுக்கினோம். வித்தியாசம் வந்தால் அது விஞ்ஞானம், வராவிட்டால் குளிர்.

சினாப்சிஸுக்கு இரண்டு நாள் முன்பு, சனிக்கிழமை, ஸ்ரீரங்கம் போனேன். வைகுண்ட ஏகாதசி முடிந்து சில நாள் ஆகியிருந்தது, கூட்டம் இன்னும் குறையவில்லை. ராஜகோபுரத்துக்குப் பக்கத்தில் தள்ளுவண்டியில் டீ ஆற்றிக்கொண்டு நிற்கிறார் நம் சேகர்.

"என்ன சேகர், எங்களை அம்போன்னு விட்டுட்டு இங்க வந்துட்டீங்க?"

"ரெண்டு வருஷமா மார்கழியில இருபது நாள் இங்கதானே மேடம். பெருமாள் கூட்டத்தைக் கூட்டிட்டு வர்றாரு, நான் டீ ஊத்துறேன். போன வருஷமும் உங்ககிட்ட சொல்லிட்டுத்தானே வந்தேன்."

"நீங்க இல்லாம பதினோரு மணி டீயே கிடையாது தெரியுமா? வேலையை எல்லாம் முடிச்சுட்டு அப்புறம்தான் கேன்டீனுக்கு இறங்குறேன்."

அவர் சிரித்துக்கொண்டே டம்ளரைக் கொடுத்தார். கொதிக்கக் கொதிக்க இருந்தது. வழக்கம்போல ஆறட்டும் என்று கையில் பிடித்துக்கொண்டு நின்றேன். அப்படி நிற்கும்போதுதான் உறைத்தது. தினமும் நான் இப்படி டம்ளரோடு நின்ற நேரமெல்லாம் நோயாளிகளின் ஜாடி எங்கே இருந்தது? அமிலத்தில் இருந்தது. போன மார்கழியில் சேகர் வரவில்லை. வித்தியாசமும் வரவில்லை.

டீயை அப்படியே வண்டியில் வைத்துவிட்டேன். பெருமாளைப் பார்க்காமலே திரும்பினேன். அவர் படுத்துக்கொண்டுதான் இருக்கிறார், கோபித்துக்கொள்ள மாட்டார்.

பஸ்ஸில் உட்கார்ந்ததும் மூளை வேலை செய்ய ஆரம்பித்தது, அதாவது எனக்குச் சாதகமாக. மாம்பழச் சாலை வரும்வரை, ஆறு நிமிஷம் என்ன பெரிதாகச் செய்துவிடும் என்று சொன்னது. காவேரிப் பாலத்தில், திங்கட்கிழமை கூட்டம் முடியட்டும், அப்புறம் சொல்லலாம், பாவம் அந்தப் பெண் என்றது. சத்திரம் வந்தபோது, யாரிடமும் சொல்லாமல் நீயே முதலில் சோதித்துப் பார், உறுதியானால் சொல் என்றது. மூன்றாவது யோசனைதான் ஆபத்தானது. அது நேர்மையின் சட்டையைப் போட்டுக்கொண்டு வந்தது. நான் தனியாகச் சோதித்திருந்தால், அந்தச் சோதனையிலும் ஒரு குளிரைக் கண்டுபிடித்திருப்பேன்.

லேபில் மாடிப்படி ஏறும்போது ஜெசி எதிரே இறங்கி வந்தாள். தோளில் லேப்டாப் பை, முகமெல்லாம் சிரிப்பு.

"அக்கா, பிரசன்டேஷன் ரெடி. ஒரு தடவை பாத்துடுங்களேன், ரூமுக்கு வாங்க."

ரூமுக்குப் போனால் நாற்காலி இருக்கும், முதல் பக்கத்தில் என் பெயருக்கு நன்றி இருக்கும், நான் "ரொம்ப நல்லாயிருக்கு" என்றுதான் சொல்வேன் என்று எனக்கே தெரிந்தது. படியில் நின்றபடியே சொல்லிவிட்டேன்.

"ஜெசி, நோயாளிங்க ஜாடி ஆறு ஏழு நிமிஷம் கூடுதலா அமிலத்துல இருந்திருக்கும்மா."

"எந்தத் தொகுதியில அக்கா?"

"எல்லாத்துலயும். மார்கழி நாலைத் தவிர."

அவள் படியில் உட்கார்ந்துவிட்டாள். "நோட்டுல இருபதுன்னு இருக்கே."

"முன்னாடியே எழுதி வெச்சுடுவேன்."

"அந்த ஆறு நிமிஷம் நீங்க எங்க இருந்தீங்க?"

"வராந்தாவுல. டீ."

இப்போது எழுதும்போது எனக்கே சிரிப்பு வருகிறது. அன்றைக்கு அந்தப் படியில் யாரும் சிரிக்கவில்லை. அவள் முழங்காலில் நெற்றியை வைத்துக்கொண்டு வெகுநேரம் உட்கார்ந்திருந்தாள். அவளுடைய மூன்று வருஷத்தை நான் டம்ளர் டம்ளராகக் குடித்திருந்தேன். அதற்கு என்ன சமாதானம் சொல்ல முடியும்?

பிறகு புறங்கையால் முகத்தைத் துடைத்துக்கொண்டு எழுந்தாள். "நல்ல ஆளுங்க ரத்தம் மட்டும் எடுத்து ரெண்டு ஜாடியில போடலாம். ஒண்ணு இருபது நிமிஷம், இன்னொண்ணு உங்க டீ நேரம். வாங்க மேடம்."

மூன்று வருஷத்தில் முதல் தடவையாக மேடம். அமிலம் கையில் பட்டிருந்தால்கூட அவ்வளவு எரிந்திருக்காது.

அன்று மத்தியானம் சாயம் போட்டோம். டைமர் அடித்ததும் ஒரு ஜாடியை எடுத்துவிட்டு, வராந்தாவில் போய் டீ இல்லாமல் நின்றேன், ஆறும்வரை. மறுநாள் ஞாயிறு, ஜெசி சர்ச்சிலிருந்து நேராக வந்தாள். பெயர்களை நான் மறைக்க, அவள் அளந்தாள். பிறகு காகிதத்தைப் பிரித்தோம். டீ நேரம்வரை அமிலத்தில் இருந்த நல்ல ரத்தம், எங்கள் நோயாளிகளின் பச்சையில் அப்படியே ஒளிர்ந்தது. நீலமும் மங்கியிருந்தது, சோர்வாக.

சாயங்காலம் இருவரும் புரொபசர் வீட்டுக்குப் போனோம். முழுவதும் கேட்டார். முதல் கேள்வி தீசிஸைப் பற்றி இல்லை. "டாக்டர் இன்னும் யாருகிட்டயும் ஒண்ணும் சொல்லலையே?" என்றார். உடனே போன் செய்தார். முதல் ஆளைச் செவ்வாய்க்கிழமை வரச்சொல்லியிருந்தாராம் டாக்டர். ஒரு நல்ல உடம்புக்காரரின் ரத்தம் அந்த இரண்டாவது ஜாடியில் இறங்கியிருந்தால், அவருக்கு வியாதி என்று என் டீ சொல்லியிருக்கும். அவர் வீட்டில் யாரும் அதற்கப்புறம் நிம்மதியாகச் சாப்பிட்டிருக்க மாட்டார்கள்.

போனை வைத்துவிட்டு என்னைப் பார்த்தார். திட்டுவார் என்று காத்திருந்தேன். "கண்ணைக் கட்டணும்னு எனக்குத் தோணுச்சு. கையையும் கட்டணும்னு தோணலையே" என்றார். திட்டியிருந்தால் தேவலை.

சினாப்சிஸ் ரத்தானது. வெளிநாட்டு லேப் மார்ச் வரை காத்திருந்துவிட்டு வேறொருவரை எடுத்துக்கொண்டது. பதினாலு மாதம் எல்லாவற்றையும் மறுபடி செய்தோம். அமிலத்துக்கு முன்பே பெயர்களை ஜெசி மறைத்துவிடுவாள். நோயாளியும் மற்றவரும் ஒரே ஜாடியில், தோளோடு தோள். டீ பதினொன்றரைக்கு மாறியது. "என் டீயில என்ன மேடம் குறை?" என்று சேகர் ஒரு வாரம் முகத்தைத் தூக்கிவைத்துக்கொண்டார். எல்லாம் முடிந்தபோது வித்தியாசம் இல்லை. மார்கழித் தொகுதிகள் நாலும்தான் முதலிலிருந்தே உண்மையைச் சொன்னவை.

அந்தப் பதினாலு மாதமும் ஜெசி என்னிடம் மரியாதையாக நடந்துகொண்டாள். அதைவிடக் கடுமையான தண்டனை உங்களில் யாருக்காவது தெரிந்தால் சொல்லுங்கள்.

தீசிஸின் வாய்மொழித் தேர்வான வைவாவுக்கு வெளியூரிலிருந்து ஒரு எக்ஸாமினர் வந்தார். பெரிய ஆள், அதிகம் பேசாதவர். தீசிஸைப் புரட்டிக்கொண்டே கேட்டார். "ஆரம்பத்துல வித்தியாசம் இருக்குன்னு ஒரு கான்ஃபரன்ஸ்ல சொல்லியிருக்கீங்க. இப்ப இல்லைங்கறீங்க. தப்பை எப்படிக் கண்டுபிடிச்சீங்க?"

திரும்பச் செய்து பார்த்தோம் என்று சொல்லிவிட்டுத் தப்பித்திருக்கலாம். அது பொய்யும் இல்லை. ஜெசி தப்பிக்கவில்லை. "டீயால சார்" என்றாள். ஆரம்பத்திலிருந்து முழுவதும் சொன்னாள், செல்லின் சோர்வு, திருச்சிக் குளிர் உட்பட. அறை முழுக்கச் சிரிப்பு.

"யாரு அந்த டீ குடிச்சவங்க?" என்றார் எக்ஸாமினர்.

"அதோ, கடைசி வரிசையில இருக்காங்க சார். எங்க அக்கா."

எனக்குக் கண் நிறைந்துவிட்டது. எழுந்து நின்றேன்.

"எவ்வளவு நேரம்மா ஆகும்?" என்றார்.

"ஆறு நிமிஷம் சார். சூடா இருந்தா ஏழு."

அவரும் சிரித்தார் என்றுதான் நினைத்தேன். சரியாகக் கவனிக்கவில்லை. நான் ஜெசியைப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

இரண்டு வாரம் கழித்து, ஒரு காலை வேளையில் போன் வந்தது.

"மேடம், நான்தான். வைவாவுக்கு வந்திருந்தேனே."

"சொல்லுங்க சார்."

"எங்க லேப்ல பதினோரு மணிக்குக் காபி வரும்" என்றார்.

நான் நாற்காலியை இழுத்துப் போட்டுக்கொண்டு உட்கார்ந்தேன். "எத்தனை வருஷமா சார்?"

"அஞ்சு. எங்க ஸ்காலர் அடுத்த மாசம் தீசிஸ் குடுக்கிறாரு. இப்ப கீழ கேன்டீன்ல இருக்காரு. நான் மேல என் ரூம்ல இருக்கேன். பத்து நாளா இப்படியே இருக்கேன்." குரலைத் தாழ்த்திக் கேட்டார். "நீங்க அந்தப் பொண்ணுகிட்ட எப்படிச் சொன்னீங்க?"

"மாடிப்படியிலயே சொல்லிட்டேன் சார். ரூமுக்குள்ள போயிருந்தா சொல்லியிருக்கவே மாட்டேன்."

அந்தப் பக்கம் நாற்காலி நகரும் சத்தம் கேட்டது, பிறகு கதவு, பிறகு செருப்புக் காலோடு படியிறங்கும் சத்தம். போனை வைக்க மறந்துவிட்டார். நான்தான் வைத்தேன்.